தச்சர் தராத அனுமதி

"நான் அனுமதி குடுக்கல. குடுத்ததா எழுதினா கையெழுத்தும் போட மாட்டேன்" என்றார் தச்சர்.

பட்டறை வாசலில் பாதித் தெரு நின்றது. பின்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

அந்தத் தெருவில் யாருக்கும் பத்திரம் கிடையாது. அப்பா இருந்தார், இப்போது பிள்ளை இருக்கிறான், அதுதான் ஆதாரம். சர்வேயரை வைத்து அளக்க ஒருவருக்கும் வசதியில்லை. அதனால் குடியிருப்போர் சங்கமே களத்தில் இறங்கியது. சங்கத்துப் பெண் கையில் செல்போனோடு வீட்டைச் சுற்றி நடப்பாள். நடந்த தடம் போனில் கோடாக விழும். பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடவே நடந்து, எல்லை இதுதான் என்று கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அந்த வரைபடத்தை ஏற்றுக்கொள்வதாக நில அலுவலகமும் சொல்லியிருந்தது.

காலையிலிருந்து தெருவில் ஒரே கலகலப்பு. வருஷக்கணக்கில் முகம் பார்க்காத ஓரகத்திகள்கூட, சுவரைக் காட்டுகிற சாக்கில் பேசிக்கொண்டார்கள்.

சிக்கல் பின்வீட்டுக்கு வந்தபோதுதான். அங்கிருந்து தெருவுக்கு வர ஒரே ஒரு சந்து. அது தச்சரின் இடத்துக்குள் போகிறது. தையல்காரம்மாவிடம் துணி கொடுக்க வருகிறவர்கள் அதில்தான் வந்தாக வேண்டும். வழியில்லாத வீட்டுக்கு வரைபடம் இருந்து என்ன பிரயோஜனம்?

சங்கத்துப் பெண் தன்மையாகத்தான் கேட்டாள், 'தச்சர் அனுமதியோடு நடக்கும் பாதை' என்று குறித்துக்கொள்ளட்டுமா என்று. அதற்குத்தான் இந்தப் பதில்.

ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை காலம் விட்டுவிட்டு இப்போது மறித்தால் நியாயமா என்றார் மளிகைக்கடைக்காரர். தனி ஆளாக ஒருத்தி பெண்ணைப் படிக்க வைப்பது கண்ணில் படவில்லையா என்றாள் எதிர்வீட்டு அக்கா. தச்சரின் மகன் மட்டும் குஷியாக இருந்தான். சந்தில் ஒரு ஷட்டரை இறக்கினால் அருமையான கடையாகிவிடும் என்று பக்கத்தில் நின்றவரிடம் விளக்கிக்கொண்டிருந்தான்.

தச்சர் இழைப்புளியில் சிக்கியிருந்த மரச்சுருளை நிதானமாக எடுத்துப் போட்டார்.

தையல்காரம்மாதான் பொறுக்க முடியாமல் கேட்டார். "அண்ணே, நான் ஏதாவது உங்க மனசு நோகற மாதிரி நடந்துகிட்டேனா?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா." தச்சர் மகனை ஒரு தரம் பார்த்துவிட்டு, சங்கத்துப் பெண்ணிடம் திரும்பினார்.

"அனுமதின்னு எழுதினா, எனக்கப்புறம் என் பிள்ளை அதை வாபஸ் வாங்கிடுவான். அந்தச் சந்துல நடக்கிறது அவங்க உரிமைன்னு எழுதும்மா, இப்பவே கையெழுத்துப் போடறேன்."