வீடுவரை வந்த பாதுகாப்புத் தாள்

கண்ணாடிப் பட்டறையிலிருந்து வந்த தனசீலன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவன் மனைவி இந்திராணியின் கைபேசியில், கண்ணாடியில் பூ பொறிக்கும் அமிலத்தின் பாதுகாப்புத் தாள் பேசியது. ஆபத்தும் முதலுதவியும் எழுதிய இந்தத் தாள்களைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்த காலம் போய்விட்டது. இப்போது அவை அமிலத்தைத் தொட்டவரின் வீடுவரை கூடவே வந்தன.

“உங்கள் கணவரின் இடது கையுறையில் ஓட்டை இருந்திருக்கிறது. மோதிர விரலில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் பட்டிருக்கிறது. உடனே தண்ணீரில் கழுவுங்கள்.”

“வலியே இல்ல இந்திரா. அது எப்பவும் இப்படித்தான் கத்தும். டீ போடு,” என்றான் தனசீலன்.

“வலி பிறகுதான் வரும். அதற்குள் அமிலம் எலும்புவரை போய்விடும்,” என்றது தாள்.

இந்திராணி அவனைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். விரலை நன்றாகக் கழுவவைத்தாள். கையுறை மாட்டிக்கொண்டு, பட்டறையில் கொடுத்திருந்த கால்சியம் களிம்பைத் தடவியபடியே ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் அவன் முணுமுணுத்தான். ஆஸ்பத்திரி வாசலில்தான் வலி வந்தது. அப்படியே சுருண்டு உட்கார்ந்துவிட்டான்.

டாக்டர் ஊசிமருந்தோடு தயாராக நின்றார். தாள் அவரிடமும் பேசியிருந்தது. கொஞ்ச நேரத்தில் வலி அடங்கியது.

“விரல் தப்பிச்சிடுச்சும்மா. நாளைக்குக் காலைல வந்திருந்தா விரலையே எடுத்திருக்கணும்,” என்றார்.

இந்திராணி பெஞ்சில் உட்கார்ந்து மனம்விட்டு அழுதாள். பிறகு கைபேசியைக் காதில் வைத்தாள். தாளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

“நீங்க சாப்டீங்களா?” என்று கேட்டாள்.

“அந்தத் தகவல் என்னிடம் இல்லை,” என்றது தாள். “களிம்பை மறுபடியும் தடவுங்கள்.”

அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.