பாதிச் சம்பளம்

"சாஃப்ட்வேர்தான் நல்லா ஓடுதே, மாசாமாசம் எதுக்குப் பணம்?" என்றார் புனே ஹடப்சர் பட்டறை முதலாளி பட்வர்தன்.

அந்தக் கணக்கு சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்த ரவிசந்திரன் விடவில்லை. "கணக்குப் பிரிவுல இனி ஒரே ஆள் போதும் சார். இன்னொருத்தரை நிறுத்திட்டு, அந்தச் சம்பளத்துல பாதியை எனக்குக் கொடுங்க. சாஃப்ட்வேரை நான் பார்த்துக்கறேன்."

"இது நியாயம்!" முதலாளி கை குலுக்கினார்.

கணக்குப் பிரிவின் இரண்டு பேரில் போகப்போவது கிழவர் குல்கர்ணிதான். ஓய்வெடுக்கிற வயசுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பேடா வாங்கி வீடு திரும்பினான்.

சாயங்காலம் அவன் மனைவி மங்கையர்க்கரசி உள்ளே வந்தாள். கையில் டிபன் டப்பாவும், ஆபீஸ் மேஜையில் வைத்திருந்த பிள்ளையார் படமும்.

"கணக்குப் பிரிவுலேர்ந்து என்னை நிறுத்திட்டாங்க" என்றாள். "குல்கர்ணி வீட்டுல அவர் ஒருத்தர் சம்பளம்தானாம். 'உனக்கென்னம்மா, பாதி உன் வீட்டுக்கே வந்துடுது'ங்கறார் முதலாளி."