படத்துக்கு ஒரு வரி

"எழுத்தை மட்டும் காட்டுற பிரவுசரை இந்தக் காலத்துல எவன்யா வச்சிருக்கான்? ஒரு ஆளுக்காக மொத்தப் பக்கத்தையும் பிரிச்சுக் கட்டணுமா?" மேலாளர் சலித்துக்கொண்டார்.

"அந்த ஒரு ஆள்தான் லைன்ல இருக்காங்க சார்," என்றான் வடிவமைப்பாளன்.

"நீயே பேசிச் சமாளி. போகாத ஊருக்கு வழி கேக்கறாங்க."

நகரப் பிணவறையின் இணையதளம் அவன் கட்டியது. அடையாளம் தெரியாத உடல்களின் படங்கள் அதில் வரிசையாக இருந்தன. கீழே எண்ணும் கிடைத்த இடமும், அவ்வளவே. ஒவ்வொரு படத்துக்கும் ஈடாக ஒரு வரி விவரம் எழுதக் கட்டம் உண்டு. எல்லாவற்றையும் வெறுமையாகவே விட்டிருந்தான். படம் இருக்கையில் எழுத்து எதற்கு என்பது அவன் கட்சி. ஆனால் அந்தப் படங்களையும் அவன் நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்த்தால் சாப்பாடு இறங்காது. கண்ணை ஒதுக்கிக்கொண்டே அளவைச் சுருக்கி ஏற்றிவிடுவான்.

மேசையில் அவன் கைபேசி அதிர்ந்தது. அம்மா. துண்டித்தான்.

"தினம் இதே நேரம், இதே போன். கல்யாணப் பேச்சா?" மேலாளர் கண்ணடித்தார்.

அவன் அலுவலகத் தொலைபேசியை எடுத்தான்.

"எனக்குக் கண்ணு தெரியாது தம்பி," என்றது ஒரு பெண்குரல். "என் கம்ப்யூட்டர் எழுத்தைத்தான் வாசிச்சுச் சொல்லும். உங்க பக்கத்துல 'படம், படம்'னுட்டு நின்னுடுது. வீட்டுக்காரரைக் காணோம். நேர்ல வந்தா தொட்டுப் பார்க்க விடமாட்டேங்கறாங்க. ஆத்தோரம் கிடைச்சதுன்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, அதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

திறந்தான். "முகம் சரியா தெரியலைக்கா. தண்ணியில ஊறிப்போயிருக்கு."

"முகத்தை வச்சு நான் என்ன பண்ண? கையைச் சொல்லுங்க. அவரை எனக்குக் கையாலதான் தெரியும்."

முதன்முறையாக அவன் ஒரு படத்தைப் பெரிதாக்கினான்.

"வலது கை உடம்புக்கு அடியில இருக்கு. இடது கை விரிஞ்சிருக்கு."

"சுண்டுவிரல்?" என்றாள்.

"நேரா இருக்குக்கா. கட்டை விரல்..." அவன் திரையை ஒட்டிக் குனிந்தான்.

"என்ன தம்பி? எதுவானாலும் மறைக்காதீங்க."

"கட்டை விரல் நகம் நடுவுல பிளந்து, ரெண்டா வளர்ந்திருக்கு."

மறுமுனையில் நெடுநேரம் தேக்கிய அழுகை உடைந்தது. "அவர் இல்ல. அவருக்குச் சுண்டுவிரல் கோணல். நகமெல்லாம் நல்லாத்தான் இருக்கும். அப்பாடா!" உடனே தன் நிம்மதிக்குத் தானே கூசியவள்போலக் குரலைத் தாழ்த்தினாள். "அந்த நகத்தைப் பத்தி ஒரு வரி எழுதி வைங்க தம்பி. என்னை மாதிரி யாராவது தேடிக்கிட்டிருப்பாங்க. பாவம், யார் பெத்த பிள்ளையோ."

வெற்றுக் கட்டத்தில் அவன் விரல்கள் அந்த வரியை எழுதி முடித்தன. கைபேசி மறுபடியும் அதிர்ந்தது. அம்மாவின் அன்றாடக் கேள்விக்கு இன்று அவனிடம் விடை இருந்தது.

"எங்கம்மா பெத்த பிள்ளைதான் அக்கா," என்றான். "கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போன எங்கண்ணன்."