அழித்து எழுதிய விடைகள்

ஏழாம் வகுப்பு சங்கமித்ராவின் ஆங்கில விடைத்தாளைப் பார்த்ததும் ஜெசிந்தா மிஸ்ஸுக்குச் சந்தேகம் தட்டியது. 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' என்று குழப்பும் சொற்களையெல்லாம் அவள் முதலில் சரியாக எழுதியிருக்க, பிறகு யாரோ அவற்றை அழித்துத் தப்பாக மாற்றியிருந்தார்கள். நிச்சயம் வேண்டாதவர்கள் வேலைதான்!

அடுத்த டெஸ்ட்டில் பக்கத்திலேயே நின்று கவனித்தாள். அழித்தது சங்கமித்ராவேதான்!

அன்று மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருடி உன்னை மிரட்டுறது? உண்மையச் சொல்லு!"

"யாருமில்ல மிஸ். எல்லாம் சரியா எழுதினா ஸ்பெஷல் கிளாஸ் கெடையாதுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா. மத்த பசங்கல்லாம் பெல் அடிச்சா போதும்னு வீட்டுக்கு ஓடுறாங்க. உனக்கென்ன?"

சங்கமித்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மத்த நேரம் தமிழ்ல பேசினா வெளிய நிக்க வெப்பீங்க. இங்க மட்டுந்தான் மிஸ், நீங்களும் தமிழ்ல பேசுறீங்க."