அரை அங்குலம்

"அவசரமே இல்லைங்க ஐயா. நிதானமாப் படிச்சுப் பார்த்துட்டே போடுங்க" என்று காகிதங்களை மேசையில் வைத்தார் டாக்டர் சரிதா.

கமலக்கண்ணன் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். புதுச்சேரியின் சாரம் பகுதியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்த மனிதர் ஒரு மணி நேரமாக இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமலநாதன் படுத்திருந்தார். இருபத்து மூன்று நாளாக அவருக்காக மூச்சு விட்டது ஓர் இயந்திரம். இனி எழுந்திருக்க மாட்டார் என்று மருத்துவக் குழுவும் எழுதிக் கொடுத்துவிட்டது. இப்படி ஒரு நிலை வந்தால் கருவிகளை எடுத்துவிட வேண்டும் என்று, நல்ல நினைவோடு இருந்தபோதே அமலநாதன் இரண்டு சாட்சி வைத்து, நோட்டரி முத்திரையோடு எழுதி வைத்திருந்தார். ஆனால் சம்மதம் சொல்லும் பொறுப்பை மகளுக்குக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் கமலக்கண்ணனின் பெயரைப் போட்டிருந்தார்.

பாரிசிலிருந்து ஓடி வந்திருந்த மகள் சகாயசெல்விக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. என்னால முடியாது மாமா, நீங்களே பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டு, ஜெபமாலையோடு வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"இது கொலை இல்லையேம்மா?"

"இல்லைங்க. போற உயிரை மெஷினைப் போட்டு இழுத்துப் பிடிக்காம இருக்கோம், அவ்ளோதான். கோர்ட்டே அனுமதிச்சிருக்கு."

சட்டம் சரியாகத்தான் இருந்தது. கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பேனாவை வைத்துவிட்டுக் கமலக்கண்ணன் பழைய கதையை எடுத்தார்.

பிரெஞ்சுப் பள்ளியில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. வேலைக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பெத்தாங் ஆட்டம். இரும்புக் குண்டை வீசி, சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பூசை முடிந்த கையோடு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் அமலநாதன் நேராக மைதானத்துக்கு வந்துவிடுவார். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் வீசுவாராம். பெண்டாட்டிக்குக்கூட அத்தனை கொடுத்திருக்க மாட்டான் என்று கமலக்கண்ணன் சொன்னதும் டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கமலக்கண்ணனின் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் காரை ஓட்டியது அமலநாதன். இவர் டைபாய்டில் கிடந்தபோது பதினோரு நாள் அரியாங்குப்பத்திலிருந்து சைக்கிளில் கஞ்சி கொண்டுவந்ததும் அவர்தான். சொல்லச் சொல்ல, அந்த நாட்கள் ஒரே ஒரு தடவை திரும்பி வராதா என்று கமலக்கண்ணனுக்கு ஏக்கமாக இருந்தது.

"கடைசியில இந்த வேலைய என் தலையில கட்டிட்டானே" என்றார் மெதுவாக.

டாக்டர் கடைசித் தாளைத் திருப்பினார். "உங்க பேருக்குக் கீழ அவர் கைப்பட ஒரு வரி எழுதியிருக்கார். பிரெஞ்சு போல இருக்கு. என்னன்னு சொல்றீங்களா?"

கமலக்கண்ணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"எதிராளி அளக்கட்டும்னு எழுதியிருக்கான்."

டாக்டருக்குப் புரியவில்லை.

"எந்தக் குண்டு கிட்ட இருக்குன்னு சந்தேகம் வந்தா, எங்க கூட்டத்துல எதிராளிதான் அளப்பான். சொந்தக் கட்சிக்காரன் அளந்தா கை நழுவும்."

"ஆனா நீங்க அவரோட சிநேகிதர்தானே ஐயா?"

"ஒருநாள் நான் அளந்தது பொய்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டான். அரை அங்குல வித்தியாசந்தாம்மா. அதோட நாங்க பேச்சை விட்டுப் பத்தொன்பது வருஷம் ஆவுது" என்ற கமலக்கண்ணன், அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார்.