ஒரு கப் வென்னி

முதல் கொட்டு விழுந்ததுமே அவள் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

துபாய்க்கு வந்து ஒன்பது நாள். மகன் கூட்டிப்போய்க் காட்டிய உயரமான கட்டடங்கள் எல்லாம் கழுத்து வலியோடு முடிந்துபோயின. இந்தப் பாலைவன முகாமுக்குத்தான் அவளாக ஆசைப்பட்டு வந்தாள். பெல்லி டான்ஸ் உண்டு என்று மருமகள் வான்மதி காதோடு சொல்லியிருந்தாள். அதனாலேயே வந்ததும் வராததுமாக மேடைக்கு நேர் எதிரே இருந்த மெத்தையைப் பார்த்துப் பிடித்திருந்தாள்.

ஆடுகிறவள் வந்தாள்.

இடுப்புப் பட்டையில் வரிசையாகக் காசுகள் குலுங்கின. தோள் அசையவில்லை. தலை அசையவில்லை. வயிறு மட்டும் தனியாக ஆடியது. அந்த வயிற்றில், தொப்புளுக்குக் கீழே, வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

பிள்ளை பெற்ற கோடுகள்.

அவளுக்கும் இருக்கின்றன. முப்பத்தோரு வருடமாகச் சேலைக்கு ஊக்குக் குத்தி மறைத்து வைத்திருக்கிறாள். இவளோ இருநூறு பேர் நடுவே விளக்கைப் போட்டுக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

நிஜமாகவே கோடுகள்தானா, இல்லை வெளிச்சம் செய்கிற வேலையா? அதைப் பார்த்துவிட வேண்டும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தாள்.

பக்கத்தில் கணவர் செருமினார்.

அந்தச் செருமல் அவளுக்கு அத்துப்படி. வீட்டில் டிவியில் ஒருத்தன் ஒருத்தியின் கையைப் பிடித்தால் போதும், இவருக்குத் தொண்டை வறண்டுவிடும். தண்ணீர் கேட்பார். அவள் எழுந்து போவாள். திரும்பி வரும்போது கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள். எதற்கு அழுகிறாள் என்று எந்தப் படத்திலும் அவளுக்குத் தெரிந்ததில்லை.

“ஏளா, தண்ணி கொண்டா.”

காலடியில் இருந்த பாட்டிலை எடுத்து அவர் கையில் திணித்தாள். கண்ணை மேடையிலிருந்து எடுக்கவில்லை.

“இது பச்சத்தண்ணில்லா. வென்னி கொண்டா.”

வான்மதி எழப் பார்த்தாள்.

“நீ இரு தாயி. அவளுக்குத்தான் என் பக்குவம் தெரியும்.”

மகன் செல்போனுக்குள் தலையை இன்னும் ஆழமாகக் கவிழ்த்துக்கொண்டான்.

அவளுக்கு எரிச்சல் உச்சி மண்டைக்கு ஏறியது. ஆனாலும் எழுந்துவிட்டாள். கால் அப்படிப் பழகிப்போயிருந்தது.

சுடுதண்ணீர் முகாமின் அந்தக் கோடியில், டீ கொடுக்கிற மேசையில் இருந்தது. அங்கே ஒரு வரிசை. முன்னால் நின்றவர் ஐந்து டீ வாங்கி ஐந்துக்கும் நிதானமாகச் சர்க்கரை கலக்கினார். பின்னால் கைத்தட்டல் கேட்டது. விசில் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஆட்களின் தோள்கள். நடுவே ஒரு கை தெரிந்தது. ஒருமுறை கூந்தல் சுழன்றது. வயிறு தெரியவேயில்லை.

நுனிக்காலில் எம்பினாள். கணவரின் முகம்தான் தெரிந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இமைகூட ஆடவில்லை. பார்த்தபடியே பாட்டிலைத் திறந்து பச்சைத்தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார்.

அடப்பாவி மனுஷா.

காகிதக் கப்பில் விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தார்கள். விரல் பொத்துப்போகிற சூடு. மணலில் செருப்பு புதைந்தது. தளும்பாமல் நடக்க வேண்டுமென்றால் கப்பைத்தான் பார்க்க வேண்டும். கொட்டு வேகம் பிடித்தது. இன்னும் வேகம் பிடித்தது. அவள் கப்பையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

கொட்டு நின்றது.

நிமிர்ந்தாள். ஆடியவள் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். முதுகு மட்டும்தான் கிடைத்தது.

கணவர் இப்போது வானத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையை நீட்டினார்.

“இவ்வளவு நேரமாளா?”

அவள் கப்பைக் கொடுக்கவில்லை. நீட்டிய கைக்கு முன்னாலேயே சாய்த்து, மணலில் ஊற்றினாள். மெதுவாக, கடைசிச் சொட்டுவரை.

“ஆட்டந்தான் முடிஞ்சிட்டே. இனி எதுக்கு வென்னி?”