ரெண்டு பொட்டலம் பூ

செத்துப்போன ஒருத்திக்கு எதற்கு ரெண்டு பொட்டலம் பூ?

பூக்காரி தங்கம் என்னவோ சாதாரணமாகத்தான் சொன்னாள். "பாயம்மா, உங்க வூட்டுக்காரரு மாதிரி யாருக்கு வரும்? வெள்ளிக்கிழமையானா ரெண்டு பொட்டலம் மல்லி வாங்கிக்கினு கபர்ஸ்தானுக்குப் போறாரே!"

குல்ஷனுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

அவள் புருஷன் ஷரீஃப் பாய்க்குக் கச்சேரி ரோட்டில் டிரங்குப் பெட்டிக் கடை. அவருடைய முதல் மனைவி அஸ்மத்துன்னிசா காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மயிலாப்பூரின் பழைய கபர்ஸ்தானில், வேப்ப மரத்தடியில் அடக்கம். இதெல்லாம் குல்ஷனுக்குக் கேள்விதான். அவர்கள் குடும்பத்தில் பெண்கள் கபர்ஸ்தான் பக்கம் போகிற வழக்கமில்லை.

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் குடுமிப்பிடிச் சண்டை போடலாம். மண்ணுக்குள் இருக்கிறவளை என்ன செய்வது? குல்ஷன் வாழ்க்கைப்பட்டு வந்த நாளாக அவள் தலைக்கென்று அந்த மனுஷர் ஒரு முழம் பூ வாங்கி வந்ததில்லை.

இந்த நேரம் பார்த்துக் கார்ப்பரேஷன் வேறு வந்து சேர்ந்தது. 1946-ம் வருஷம். கபர்ஸ்தான் நிரம்பிவிட்டது, சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன, இனிமேல் இங்கே அடக்கம் கூடாது, ராயப்பேட்டைக்குப் போங்கள் என்று தண்டோரா போட்டார்கள். ஏற்கெனவே குடும்பக் கபர் உள்ளவர்கள் கவுன்சிலரைப் பார்த்தால், ஒரே ஒரு இடம் விடுவது பற்றி யோசிப்பார்களாம்.

மறுநாளே ஷரீஃப் பாய் கடையைச் சாத்திவிட்டுக் கவுன்சிலர் கருணாகரன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"இன்னாத்துக்கு அங்க போனீங்க?" என்றாள் குல்ஷன்.

"அந்த வேப்ப மரத்தாண்ட ஒரு எடம் கேட்டுக்கினு வந்தேன்."

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்பானேன்? போன பிறகும் அந்த மகராசியோடுதான் இருக்கப் போகிறார்!

அப்படியானால் ராயப்பேட்டையில் குல்ஷன் மட்டும் தனியாகப் போய்க் கிடக்க வேண்டும். அங்கே அவள் பிள்ளையாவது இருக்கிறது. திருவல்லிக்கேணியில் அம்மா வீட்டில் பிறந்து, அன்றைக்கே கண் மூடிய ஆண் பிள்ளை. அப்போது அவள் ஜன்னி கண்டு நினைவில்லாமல் கிடந்தாள். பக்கத்திலிருக்கிற ராயப்பேட்டை மண்ணுக்குத்தானே கொண்டுபோயிருப்பார்கள்? நினைவு வந்ததும், "அந்தப் பேச்சையே எங்கிட்ட எடுக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். ஷரீஃப் பாய் அன்றோடு வாயை மூடிக்கொண்டார்.

செத்த பெண்டாட்டிக்கு வாரா வாரம் மல்லி. பெற்ற பிள்ளையை மறந்தே போனார்! குல்ஷனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

கவுன்சிலர் மனைவி சீதாவின் ரவிக்கைகளுக்கு ஜரிகைப் பூ போட்டுக் கொடுப்பவள் குல்ஷன்தான். புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"இன்னா குல்ஷன், ரவிக்கை அதுக்குள்ள முடிஞ்சுபோச்சா?" என்றாள் சீதா.

"இல்லம்மா, வேற சமாச்சாரம். கபர்ஸ்தான்ல யாருக்கும் எடம் வுடக்கூடாதுன்னு ஐயாகிட்ட சொல்லுங்க."

"உன் வூட்டுக்காரரே வந்து கேட்டுட்டுப் போனாரே!"

"அவருக்குத்தாம்மா மொதல்ல கூடாது."

சீதா சிரித்துவிட்டாள். "மூத்தவ பக்கத்துல போய்ப் படுத்துக்குவாருன்னு பயமா?"

"சிரிக்காதீங்கம்மா, எனக்குப் பத்திக்கினு எரியுது. ஐயாகிட்ட இப்பிடிச் சொல்லுங்க. ஒருத்தருக்கு வுட்டா ஊரே வந்து நிக்கும். இல்லேன்னு சொன்ன தெருவுல அப்புறம் ஓட்டுக் கேக்க எப்பிடிப் போறது?"

சீதா சிரிப்பை நிறுத்தினாள். விஷயம் எலெக்‌ஷனுக்கு வந்துவிட்டதே!

அடுத்த கூட்டத்திலேயே காரியம் முடிந்தது. யாருக்கும் இடமில்லை.

ஷரீஃப் பாய் வீட்டுக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "கெடைக்கல குல்ஷன்."

"அடடா" என்றாள் குல்ஷன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"ஒருத்தருக்கு வுட்டா ஊரே வந்து நிக்குமாம். கவுன்சிலர் சொல்றாரு. எந்தக் கெட்டிக்காரன் சொல்லிக் குடுத்தானோ!"

"போவட்டும் வுடுங்க. ராயப்பேட்டையில படுத்தா உங்களுக்கு ஆவாதா? மூத்தவ பக்கத்துலதான் படுக்கணுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நானா? எனக்கு எந்த மண்ணா இருந்தா இன்னா?"

"அப்ப யாருக்குக் கேட்டீங்க?"

ஷரீஃப் பாய் தயங்கினார். "நீதான் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாதுன்னியே."

குல்ஷன் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "பரவால்ல, சொல்லுங்க."

"அன்னிக்கு நம்ம புள்ளையக் கையில ஏந்திக்கினு திருவல்லிக்கேணியிலேருந்து இங்க நடந்தே வந்தேன். பச்ச மண்ணு, தெரியாத எடத்துல தனியாக் கெடக்க வேணாமேன்னு அஸ்மத் பக்கத்துல வெச்சேன். வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு பொட்டலம், அவனுக்கு ஒரு பொட்டலம்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஜன்னியில நீ, 'என்னை எம் புள்ளைகிட்டயே வெச்சிடுங்க'ன்னு பொலம்பிக்கினே இருந்தே. அவனுக்கு அந்தாண்ட ஒரு எடம் காலியாக் கெடந்துது. அதைத்தான் உனக்குன்னு கேட்டேன், குல்ஷன்."